குழந்தையை நடனப் போட்டிக்கு அனுப்பலாமா? பெற்றோர் முடிவெடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரில் 18 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் பலர், வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வைத்த தாம்பாளத்தை நீட்டிய கையோடு, "போட்டிக்கெல்லாம் எப்போ அனுப்புவீங்க மிஸ்?" என்று கேட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அழைத்துப் போய்க் களைத்த பெற்றோர் சிலர், பிள்ளை வெளியே சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, "இதெல்லாம் இவளுக்கு நல்லதுதானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். பள்ளிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்த அனுபவமும் எனக்கு இருப்பதால், இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடனப் பயிற்சி ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் நல்லது. போட்டி, அந்தப் பயிற்சிக்கு நடுவே ஆண்டுக்கு ஓரிரு முறை வந்துபோகும் நிகழ்ச்சியாக இருக்கும்வரை அதுவும் நல்லது. வகுப்பில் நடப்பதெல்லாம் அடுத்த போட்டிக்கான ஏற்பாடு என்று ஆகிவிட்டால், குழந்தை நடனத்தையும் கற்காது, போட்டியாலும் பயன் பெறாது. உங்கள் பிள்ளை இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்ளத்தான் கீழே வருவதெல்லாம்.

எவ்வளவு கற்ற பிறகு?

"அஞ்சு வயசாச்சு, இன்னும் மேடை ஏறலையே" என்று கவலைப்படுவோருக்கு நான் மாதவியை நினைவுபடுத்துவதுண்டு. ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அவள் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். பிற்காலத்தில் புகழ்பெற்ற பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1925இல் காஞ்சிபுரத்தில் தம் ஏழாவது வயதில் அரங்கேறினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் தலைமுறை தலைமுறையாக இசையும் நடனமும் வாழ்ந்த வீட்டில் பிறந்து, நடன ஆசிரியர் கந்தப்பப் பிள்ளையிடம் கடுமையாகப் பயின்றவர். 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியத்தைப் பொது மேடையில் முதன்முதலாக ஆடியது 1935இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. மேடை ஏறிய வயது எதுவானாலும் நடனம் யாருக்கும் குறைந்துவிடவில்லை என்பதற்கு இவர்களே போதும்.

ஆகவே வயதைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பயிற்சியைப் பாருங்கள். தட்டடவு, நாட்டடவு முதலிய அடிப்படை அடவுகளை, அதாவது கால், கை, உடல் அசைவுகள் சேர்ந்த நடனத்தின் அடிப்படை அலகுகளை, மெதுவான, நடுத்தர, விரைவான மூன்று காலத்திலும் தடுமாறாமல் ஆட வேண்டும். ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டும்போது குழந்தை தானே கையால் ஆதிதாளம் போட்டு, அடவுக்குரிய தாள ஒலிகளான சொற்கட்டைச் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் உட்கார்ந்தால் முழங்கால்கள் பக்கவாட்டில் திறந்து பாத விரல்களின் திசையிலேயே நிற்க வேண்டும், முன்பக்கம் மடங்கி விழக்கூடாது. வாரம் இரண்டு வகுப்பு வரும் சராசரிக் குழந்தைக்கு இதற்கு இரண்டு ஆண்டாவது ஆகும். அதற்கு முன் போட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஒரு சிறுமி. நான்காம் வகுப்பு படிக்கும்போது வேறொரு வகுப்பிலிருந்து என்னிடம் வந்தாள். முதல் நாளே அவளுடைய அம்மா ஒரு துணிப்பை நிறையக் கோப்பைகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு முருகன் பாட்டை ஆடிக் காட்டச் சொன்னேன். மயில் வந்தது, வேல் வந்தது, புன்னகை வர வேண்டிய இடத்தில் கச்சிதமாகப் புன்னகை வந்தது, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "சரிம்மா, முதல் தட்டடவை மூணு காலத்துல தட்டிக் காட்டு" என்றேன். இரண்டாம் காலத்திலேயே கால் தவறிவிட்டது. திரும்பச் செய்யச் சொன்னேன். நின்றுகொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை ஆண்டுகளாக அவளுக்கு அந்த ஒரு பாட்டையும் இன்னொரு பாட்டையும் தவிர வேறெதுவும் சொல்லித்தரப்படவில்லை. அவளுடைய கால்கள் அந்த இரண்டு பாட்டுகளின் வரிசையை மனப்பாடம் செய்திருந்தனவே தவிர, நடனத்தைக் கற்றிருக்கவில்லை. மறுபடி முதல் அடவிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னபோது, பாவம், அந்தக் குழந்தைதான் அழுதது.

இப்படி ஆவதற்குப் போட்டியின் அமைப்பே ஒரு காரணம். பெரும்பாலான போட்டிகளில் ஒருவருக்கு நான்கு முதல் ஆறு நிமிடம்தான் கிடைக்கும். வர்ணம் என்னும் நீண்ட ஆடலை முறையாக ஆட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று மார்க்கம், அதாவது உருப்படிகள் எனப்படும் ஆடல்களின் வரிசை, படிப்படியாக ஏறுவது, குழந்தையின் உடலும் மூச்சும் மனமும் அதே வரிசையில் வளர வேண்டும் என்பதற்காக. ஐந்து நிமிடத்துக்குள் நடுவரை ஈர்க்க வேண்டும் என்றால் இந்த ஏணியில் ஏற நேரமில்லை. வேகமும் பெரிய பாவனையும் குதிப்புகளும் மட்டும் போதும் என்றாகிவிடுகிறது. எனவே உங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சென்ற ஆண்டு என் பிள்ளை புதிதாக என்ன கற்றது?" என்பது. பதில் உருப்படிகளின் பெயராகவும் அடவுகளின் பெயராகவும் வந்தால் நல்லது. வென்ற பரிசுகளின் பெயர்கள் மட்டுமே வந்தால் யோசிக்க வேண்டிய நேரம்.

எந்தப் போட்டி?

எல்லாப் போட்டியும் ஒன்றல்ல. பள்ளிக் கல்வித் துறை 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக நடத்திவரும் கலைத்திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை போகிறது. பணம் கட்டி நடன வகுப்புக்குப் போக முடியாத பல பிள்ளைகளுக்கு மேடை என்பது அங்கேதான் முதன்முதலாகக் கிடைக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் மிகக் குறைந்த கட்டணத்தில் பரதநாட்டியமும் கிராமிய நடனமும் கற்கலாம், அவற்றின் போட்டிகளிலும் கலந்துகொள்ளலாம். முதல் போட்டிக்கு இப்படிப்பட்ட இடங்களே ஏற்றவை. செலவு குறைவு, உடன் ஆடுவோர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், தோற்றாலும் மறுநாள் அதே நண்பர்களோடு விளையாடப் போய்விடலாம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் தனியார் போட்டிகளில்தான் நிதானம் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை விசாரியுங்கள். நடுவர்கள் யார், அவர்கள் நடனம் அறிந்தவர்களா, மதிப்பெண் தாளைப் பெற்றோருக்குக் காட்டுவார்களா, ஒரு வயதுப் பிரிவில் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கின்றனவா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத அமைப்பாளரிடம் குழந்தையை அனுப்ப வேண்டாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் ஒரே நேரத்தில் ஆடவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, "சாதனை" என்று எல்லோருக்கும் ஒரே சான்றிதழ் கொடுக்கும் நிகழ்ச்சிகளை நான் போட்டியாகவே கருதுவதில்லை. அங்கே பிள்ளை எதையும் கற்பதில்லை. அந்தப் பணத்துக்கு மூன்று மாத வகுப்புக் கட்டணம் கட்டலாம்.

போட்டி எப்படிக் கசக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 1957இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் அதிகப் புள்ளி பெற்ற மாணவிக்குக் கலாதிலகம், மாணவனுக்குக் கலாபிரதிபா என்று பட்டம் தரும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தப் பட்டங்களுக்காகப் பெற்றோருக்குள்ளும் பள்ளிகளுக்குள்ளும் சச்சரவும் மேல்முறையீடும் பெருகிய பிறகு அவை கைவிடப்பட்டன, கிரேடு முறை முன்னுக்கு வந்தது. இன்றும் அந்த விழாவுக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வருகிறார்கள். பட்டம் போனதால் விழா சுருங்கிவிடவில்லை.

உடம்பு சொல்வதைக் கேட்பது

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி, டியூஷன், கைப்பேசி என்று உட்கார்ந்தே கழியும் இக்காலத்தில் நடனம் அதற்கு அருமையான வழி. ஆனால் போட்டி நெருங்க நெருங்க ஒரே அசைவை ஒரே நாளில் முப்பது நாற்பது முறை செய்யவைக்கும்போது அதே நடனம் கெடுதலாக மாறுகிறது.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14, 15 வயது வரையிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு ஓரிரு ஆண்டு கூடுதலாகவும் அது இறுகாமல் இருக்கும். வெறுங்காலோடு தட்டித் தட்டி ஆடும் நடனத்தில் குதிகாலின் பின்புறத்திலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு துருத்தும் இடத்திலும்தான் முதலில் வலி தெரியும். 9 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை, "குதிகால் வலிக்குது" என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று எண்ணித் தள்ளிவிடாதீர்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, காலையில் எழுந்ததும் நொண்டினாலோ, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் தீராவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து, துணி சுற்றி மேடை ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது.

வகுப்பு நடக்கும் தரையையும் பாருங்கள். சிமெண்டும் கிரானைட்டும் டைல்ஸும் தட்டும் காலுக்கு எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. மரப்பலகைத் தரை கிடைப்பது அரிது என்பதால், நீண்ட பயிற்சியின்போது வழுக்காத கனமான பாயாவது விரிக்கச் சொல்லலாம். எல்லா நேரமும் முழு வலுவோடு தட்டாமல், பாதி நேரம் மெல்ல வைத்துப் பழகச் சொல்லும் ஆசிரியர் நல்ல ஆசிரியர்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு, விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உதவும். எல்லாக் கடும் பயிற்சியும் சேர்ந்து வாரத்துக்கு இத்தனை மணி என்பது குழந்தையின் வயதைத் தாண்டக்கூடாது. 8 வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 8 மணி என்பது மேல்வரம்பு, அதை எட்டியே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது காலுக்கு முழு ஓய்வு வேண்டும். 6 முதல் 12 வயது வரை இரவு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் இரவு பத்தரை மணி வரை ஒத்திகை வைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் பள்ளி வேனில் ஏற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெண் பிள்ளையின் உடல் பருப்பது இயற்கை. அந்த நேரத்தில் "உடம்பைக் குறை, டிரெஸ் நல்லா நிக்கலை" என்று ஆசிரியரோ பாட்டியோ சித்தியோ சொல்லும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையைப் பல ஆண்டுகள் வாட்டும். சோற்றைக் குறைத்துக்கொண்டு கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம், எலும்பு பலவீனப்படலாம். வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் எடையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று வைத்திருக்கிறேன், பார்க்க வரும் உறவினர்களுக்கும் அதுதான் விதி.

பாட்டும் பாவனையும்

ஏழு வயதுக் குழந்தை விரகத்தில் வாடும் நாயகியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவதை நடுவர் நாற்காலியிலிருந்து பார்த்து நான் தலையைக் குனிந்திருக்கிறேன். நாயகன் நாயகி காதலைப் பாடும் பதங்கள் மிக உயர்ந்தவை, அவற்றின் பொருளை உணரும் வயதில் ஆடினால்தான் அவற்றுக்கும் மதிப்பு. சிறுவர்களுக்கு முருகன் மீதும் கண்ணன் மீதும் எத்தனையோ கீர்த்தனைகள் இருக்கின்றன, குறவஞ்சிப் பகுதிகள் இருக்கின்றன, பாரதியின் பாடல்கள் இருக்கின்றன. ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் ஆகியவை கூட்டாக ஆடப்படுவதால், தனியாக மேடை ஏற அஞ்சும் பிள்ளைக்கு இன்னும் பொருத்தம்.

திரைப்பாட்டு நடனத்தை நான் இழிவாக நினைப்பதில்லை. பாடல் வரிகளை உரக்கப் படித்துப் பாருங்கள். அதன் பொருளை உங்கள் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல உங்கள் வாய் கூசினால், அந்தப் பாட்டுக்கு அது ஆட வேண்டாம். திரைப்படங்களில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளைச் சிறு குழந்தைகளை ஆடவைப்பது அவர்களைப் பாதிக்கும் என்று மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2019 ஜூன் மாதம் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது. உடையும் அப்படித்தான். கையைத் தூக்கினால், குனிந்தால், முழுமண்டியில் உட்கார்ந்தால் பிள்ளை கூச்சப்பட்டு இழுத்துவிட வேண்டியிராத உடையாக இருக்க வேண்டும்.

போட்டி நாளில்

பாடல் கோப்பை இரண்டு பென்டிரைவிலும் ஒரு கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பனையை விடியற்காலையிலேயே போட்டுவிட்டு மாலை நான்கு மணி வரை பிள்ளையைக் காக்கவைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. சவுரியும் குஞ்சலமும் தலைசாமானும் ஏறிய பிறகு குழந்தையால் தலையைச் சாய்க்கக்கூட முடியாது, ஒட்டியாணம் இறுக்கியபின் சாப்பிடவும் முடியாது. வரிசை எண் தெரிந்த பிறகு, முறை வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கினால் போதும். இட்லியோ தயிர்சாதமோ இரண்டு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். திறந்தவெளி மேடையானால் நீங்கள் முதலில் வெறுங்காலோடு ஏறி நடந்து பாருங்கள், ஆணியோ சூடோ விரிப்பின் சுருக்கமோ உங்கள் காலுக்குத் தெரியட்டும்.

பிள்ளை மேடையில் இருக்கும்போது எதிரே நின்று கையை ஆட்டிச் சைகை காட்டாதீர்கள். ஒரு பள்ளிப் போட்டியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதியில் மறந்து நின்றுவிட்டான். அவனுடைய அப்பா கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பையன் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) காலில் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டே நின்று, ஒரு பகுதியை முடித்துவைக்கும் அடவுக் கோவையான தீர்மானம் வந்த இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டு முடித்தான். நான் நடுவராக இருந்து கண்ட மிகச் சிறந்த தருணங்களில் அது ஒன்று. அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தவறிய இடத்திலிருந்து தானே மீண்டு வருவதை அவன் அங்கே கற்றுக்கொண்டான். போட்டி ஒரு குழந்தைக்குத் தரக்கூடிய உண்மையான நன்மை இதுதான். வகுப்பில் தவறினால் நாங்கள் நிறுத்தித் திருத்திவிடுவோம், மேடையில் திருத்த ஆளில்லை.

முடிவு அறிவித்த பிறகு வீட்டுக்கு வரும் வழியில் நடுவரைப் பற்றியோ வென்ற பிள்ளையைப் பற்றியோ காரில் பேச வேண்டாம். "யாரு ஆடினது உனக்குப் பிடிச்சிருந்தது?" என்று கேளுங்கள். வேறு ஆசிரியர்களின் பாணியைக் கவனித்து, "அந்த அக்கா கையை இப்படி வெச்சாங்கம்மா" என்று செய்து காட்டும் பிள்ளை போட்டியிலிருந்து நிறையவே எடுத்து வந்திருக்கிறது.

தொலைக்காட்சி அழைத்தால்

இது தனி உலகம், சட்டமும் தனி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, படப்பிடிப்பிலோ வணிக நிகழ்ச்சியிலோ குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். குழந்தைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 12 வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளைக்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. தோற்று அழும் முகத்தை நெருக்கத்தில் காட்டும் காட்சி இணையத்திலிருந்து அழிவதே இல்லை, பள்ளியில் அதைப் போட்டுக்காட்டிக் கேலி செய்யும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது?

வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி வருவது, சலங்கைப் பையை வேண்டுமென்றே மறந்துவிட்டு வருவது, வீட்டில் பாட்டு ஒலித்தால்கூட ஆடாமல் எழுந்து போய்விடுவது, தூக்கத்தில் அழுவது. இவற்றில் இரண்டு ஒன்றாகச் சில வாரங்கள் தொடர்ந்தால், பதிவு செய்த போட்டியானாலும் விலகிவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஆசிரியரிடம் இதைச் சொல்லும்போது பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். "இந்த வருஷம் போட்டி வேண்டாம் மிஸ், வகுப்புக்கு மட்டும் வரட்டும்" என்பதே போதும், மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடமிருந்து வேறு வகுப்புக்கு மாற்றுவதில் தவறும் இல்லை. நான் மேலே சொன்ன நான்காம் வகுப்புச் சிறுமி அப்படி மூன்று ஆண்டுகள் எந்தப் போட்டிக்கும் போகாமல் இருந்தாள். முதல் ஆறு மாதம் தட்டடவும் நாட்டடவும் மட்டும்தான். இப்போது எட்டாம் வகுப்பு. சென்ற மாதம் ஜதிஸ்வரம் முடித்துச் சப்தம் தொடங்கினோம். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்குமுன் அவளே தட்டுக்கழியை எடுத்து உட்கார்ந்து, மூன்று காலத்துக்கும் தட்டிக் கொடுக்கிறாள்.